பிஎம்டபிள்யூ சுற்றிய கொசுவத்தி

பழைய நினைப்புல யாராவது பதிவு போட்டா ‘ஆரம்பிச்சுட்டான்யா கொசுவத்தி சுத்த’ன்னு கலாய்க்கிறது நம்ம வலைப்பதிவு வழக்கம். பழைய படங்கள்ல ஃப்ளாஷ்பேக்குக்கு முன்னாடி திரையில வட்டவட்டமா சுத்துமே, அதுலேர்ந்து வந்த பேர். இந்தப் பதிவுல கொசுவத்தி சுத்தப் போறது நானில்லை. நான் படிக்கிற இந்த முனிச் ஊர்ல இருக்கிற கார் கம்பெனி. அவங்க சுத்தின கொசுவத்தியோட விலை 2000-ல் அமெரிக்காவுல 1,28,000 டாலர். பேரு பிஎம்டபிள்யூ இசட்8.

‘ஐயோ கார் பதிவா, நமக்கு ஷேர் ஆட்டோவே ஜாஸ்தி’ன்னு எஸ்கேப் ஆகப் பாக்குற மக்கள் ஒரு நிமிஷம் நில்லுங்க. எனக்கும் மாசக் கடைசியில டோனர் கபாப் வாங்குறதே பெரிய முதலீடுதான். இது கார் வாங்குறதைப் பத்தின பதிவு இல்லை. ஒரு கம்பெனி தன்னோட பழைய காலத்துல எதை எடுத்து ஹால்ல மாட்டி வெச்சுக்குது, எதைப் பரண்ல போடுதுங்கிறதைப் பத்தினது. நீளமான பதிவு. டீயோட உக்காருங்க.

முதல்ல அந்தக் காரு

1997 அக்டோபர்ல டோக்கியோ மோட்டார் ஷோவுல பிஎம்டபிள்யூ ஒரு மாதிரி காரைக் காட்டுச்சு. இசட்07-ன்னு பேரு. பேர்லயே விஷயம் இருக்கு: அந்த ‘07’, 1950-கள்ல அவங்க பண்ணின 507-ங்கிற காரோட வால். நீளமான மூக்கு, பின்னாடி ஒதுங்கி உக்கார ரெண்டே சீட்டு, மேல திறந்த கூரை. பிஎம்டபிள்யூன்னாலே முன்னாடி சிறுநீரகம் மாதிரி நெட்டுக்குத்தா நிக்குமே ரெட்டைக் கிரில், அது இதுல அகலமா படுத்துக் கிடக்கும். பக்கவாட்டுல மீனோட செவுள் மாதிரி காத்துப் போற வழி. எல்லாமே 507-லேர்ந்து எடுத்தது.

பார்த்தவங்க விடலை. 1999 செப்டம்பர்ல ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில விற்பனைக்கான இசட்8 வந்துடுச்சு. வெளித்தோற்றத்தை வரைஞ்சவர் ஹென்ரிக் ஃபிஸ்கர்ங்கிற டென்மார்க்காரர், உள்பக்கம் ஸ்காட் லெம்பர்ட், ரெண்டு பேருக்கும் மேல வடிவமைப்புத் தலைவரா கிறிஸ் பேங்கிள்.

தோல் பழசுன்னாலும் உள்ள இருந்த சமாச்சாரம் அன்னிக்குத் தேதிக்குப் புத்தம் புதுசு. எம்5 காருக்குப் பண்ணின 4.9 லிட்டர் வி8 எஞ்சின், 400 குதிரைத்திறன். ஆறு கியர், கையாலதான் போடணும். நின்ன இடத்துலேர்ந்து 100 கிலோமீட்டர் வேகம் எட்ட 5 நொடி கூட வேண்டாம். 250-க்கு மேல போகவிடாம மின்னணுப் பூட்டு வேற. எலும்புக்கூடு முழுக்க அலுமினியம். பாடியை டிங்கோல்ஃபிங்ல பண்ணி, முனிச்சுக்குக் கொண்டுவந்து, பெரும்பாலும் கையாலயே பூட்டினாங்க. பின்விளக்குல சாதா பல்பு கிடையாது, நியான் குழாய். ஸ்பீடாமீட்டர் ஓட்டுறவருக்கு நேரா இல்லாம டேஷ்போர்டு நடுவுல இருக்கும். உதிரிபாகங்களை 50 வருஷத்துக்கு இருப்பு வெச்சிருப்போம்னு வாக்குக் கொடுத்து வித்தாங்க.

1999 நவம்பர்ல வந்த ‘த வேர்ல்ட் இஸ் நாட் எனஃப்’ படத்துல ஜேம்ஸ் பாண்ட் இதைத்தான் ஓட்டுவார். ஹெலிகாப்டர்ல தொங்குற ரம்பம் வந்து காரை நீளவாக்குல ரெண்டா அறுத்துப் போடும். தியேட்டர்ல பாண்ட் பொழச்சாரான்னு கவலைப்பட்டவங்களை விட அந்தக் காருக்காக ‘உச்’ கொட்டினவங்கதான் அதிகம் இருந்திருப்பாங்க.

2003-ல் தயாரிப்பு நின்னப்போ மொத்த எண்ணிக்கை 5,703. கடைசியா அல்பினா கம்பெனி ஆட்டோமேட்டிக் கியரோட 555 வண்டி பண்ணுச்சு. ஆப்பிள் ஸ்டீவ் ஜாப்ஸ் கிட்ட ஒரு இசட்8 இருந்துச்சு. அது 2017 டிசம்பர்ல நியூயார்க் ஏலத்துல 3,29,500 டாலருக்குப் போச்சு.

சரி, இவ்வளவு செலவு பண்ணி நினைவுச்சின்னம் எழுப்புறாங்களே, அந்த 507 எப்பேர்ப்பட்ட வெற்றியா இருந்திருக்கும்னு தோணுதில்ல? அங்கதான் கதையே.

கம்பெனியைக் கவுத்த அழகு

1945-ல் போர் முடிஞ்சப்போ பிஎம்டபிள்யூ கிட்ட பெருசா ஒண்ணும் மிச்சமில்லை. போருக்கு முன்னாடி கார் பண்ணிட்டிருந்த ஐசனாக் தொழிற்சாலை சோவியத் பகுதியில மாட்டிக்கிச்சு. முனிச் தொழிற்சாலை இயந்திரங்களை அமெரிக்கர்கள் கழட்டிட்டுப் போயிட்டாங்க. 1948-ல் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள்லேர்ந்து மறுபடி ஆரம்பிச்சு, 1952-லதான் முதல் கார் வாடிக்கையாளர் கைக்குப் போச்சு. 501-னு பேரு. உருண்டு திரண்ட பெரிய கார். சர்ச்சுல இருக்கிற குண்டுத் தேவதைச் சிற்பம் மாதிரி இருக்குன்னு ஊர் ஜனங்க ‘பரோக் தேவதை’ன்னு பட்டப்பேர் வெச்சாங்க. அரைவயித்துக்கே வழி தேடிட்டிருந்த நாட்டுல பணக்காரங்களுக்கு மட்டும் கார் பண்ணினா எத்தனை பேர் வாங்குவாங்க?

இந்த நேரத்துல நியூயார்க்லேர்ந்து ஒரு யோசனை வருது. சொன்னவர் மேக்ஸ் ஹாஃப்மன். வியன்னாவுல பிறந்து, போர்க் காலத்துல அமெரிக்கா போய், ஐரோப்பிய கார்களை இறக்குமதி பண்ணி வித்த ஆள். பார்க் அவென்யூவுல இருந்த அவரோட ஷோரூமை வடிவமைச்சவர் ஃபிராங்க் லாயிட் ரைட். மெர்சிடிஸ் 300 எஸ்எல், போர்ஷே ஸ்பீட்ஸ்டர் ரெண்டும் பிறக்கக் காரணமா இருந்தவர்களில் இவரும் ஒருத்தர். அமெரிக்காவுல எது விக்கும்னு மனுஷனுக்கு மூக்குல வேர்க்கும். ‘உங்ககிட்ட நல்ல வி8 எஞ்சின் இருக்கு. அதை வெச்சு ஒரு அழகான திறந்த கார் பண்ணுங்க. விலை 5,000 டாலர் பக்கம் இருக்கட்டும். ஆயிரக்கணக்குல போகும்’ங்கிறதுதான் அவர் கணக்கு.

வரையறதுக்கும் அவரே ஆள் காட்டினார். ஆல்பிரெக்ட் ஃபான் கோர்ட்ஸ். ஜெர்மன் பிரபு குடும்பத்துப் பையன், 1936-லேயே அமெரிக்கா போனவர், போர்ல அமெரிக்க ராணுவத்துல இருந்தவர், ரேமண்ட் லோவி கிட்ட வேலை கத்துக்கிட்டவர். அதுக்கு முன்னாடி ஒரு முழுக் காரைத் தனியா வடிவமைச்ச அனுபவம் அவருக்குப் பெருசா இல்லை. ஆனா அவர் வரைஞ்சதை 1955 கோடையில நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல்ல காட்டினப்போ எல்லாரும் வாயைப் பிளந்தாங்க. இன்னிக்கும் உலகத்தோட அழகான கார்கள்னு யார் பட்டியல் போட்டாலும் 507 அதுல இருக்கும்.

ஆனா பாருங்க, அழகுக்கு ஒரு விலை உண்டு. 507-ஓட அலுமினியப் பாடியை அச்சுல அடிக்கலை. தட்டித் தட்டி, கையால வளைச்சாங்க. அதனால ஒரு வண்டி மாதிரி இன்னொரு வண்டி அச்சு அசலா இருக்காது. ஒண்ணோட கூரையைக் கழட்டி இன்னொண்ணுல மாட்டினா பொருந்தாது. நம்ம ஊர்ல ஆசாரி பண்ற கதவு அந்த வீட்டு நிலைக்கு மட்டும்தான் பொருந்தும் பாருங்க, அந்தக் கதை. இப்படிப் பண்ணினா 5,000 டாலர்ல எப்படி முடியும்? விலை 9,000-க்குப் போச்சு, அப்புறம் 10,000-ஐயும் தாண்டிச்சு. ஹாஃப்மனோட கணக்கு மொத்தமா படுத்துக்கிச்சு.

1956-லேர்ந்து 1959 வரைக்கும் வந்த 507-கள் 252. முன்மாதிரிகளைச் சேர்த்தா 254-னு கணக்கு. இதே காலத்து மெர்சிடிஸ் 300 எஸ்எல், மூடினது திறந்தது ரெண்டும் சேர்த்து 3,258. இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, போதும். வித்த ஒவ்வொரு 507-லயும் கம்பெனிக்கு நஷ்டம்.

வாங்கினவங்க மட்டும் பெரிய பெரிய ஆளுங்க. அமெரிக்க ராணுவத்துல சிப்பாயா ஜெர்மனி வந்த எல்விஸ் பிரெஸ்லி 1958 கடைசியில ஒரு வெள்ளை 507-ஐ எடுத்தார். ரசிகைகள் காரு மேல லிப்ஸ்டிக்கால எழுதி எழுதி வெச்சதால வேற வழியில்லாம அதைச் சிவப்பாக்கினார்னு கதை. அந்த வண்டி அப்புறம் அமெரிக்கா போய், எஞ்சின் மாறி, பல வருஷம் கலிஃபோர்னியாவுல ஒரு பூசணிக்காய்க் கிடங்குல தூங்கிச்சு. பிஎம்டபிள்யூ அதை முனிச்சுக்குக் கொண்டுவந்து, ரெண்டு வருஷம் உக்காந்து சரி பண்ணி, மறுபடி வெள்ளையடிச்சு 2016-ல் காட்சிக்கு வெச்சுது. மோட்டார் சைக்கிள், கார் ரெண்டுலயும் உலகப் பட்டம் வாங்கின ஒரே வீரர் ஜான் சர்டீஸ் கிட்ட இருந்த 507, அவர் இறந்ததுக்கு அப்புறம் 2018-ல் 38 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போச்சு. அன்னிக்கு யாரும் வாங்காத காரு!

சோறு போட்ட முட்டை

507 ஒரு பக்கம் பணத்தைத் தின்னுட்டிருந்தப்போ பிஎம்டபிள்யூ தொழிலாளிகளுக்குச் சம்பளம் எங்கேருந்து வந்துச்சு? இதைத்தான் யாரும் பெருசா பேச மாட்டாங்க.

ஈசெட்டான்னு ஒரு வண்டி. முட்டை மாதிரி இருக்கும். கதவு பக்கவாட்டுல கிடையாது. ஃப்ரிட்ஜைத் திறக்கிற மாதிரி முன்னாடி மூஞ்சியையே திறக்கணும், அதோட ஸ்டீயரிங்கும் சேர்ந்து நகரும். மோட்டார் சைக்கிள் எஞ்சின், ஒரே சிலிண்டர். பிஎம்டபிள்யூவோட சொந்த யோசனை கூட இல்லை. ஈசோங்கிற இத்தாலியக் கம்பெனிகிட்ட உரிமம் வாங்கிப் பண்ணினது. மழையில நனைஞ்சுக்கிட்டு பைக்ல வேலைக்குப் போன குடும்பஸ்தனுக்கு ‘தலைக்கு மேல ஒரு கூரை, பக்கத்துல பொண்டாட்டி’ன்னு கொடுத்த வண்டி. 1955-லேர்ந்து 1962 வரைக்கும் 1,61,000-க்கு மேல வித்துச்சு. ஒரு 507-க்கு 600 ஈசெட்டான்னு வெச்சுக்கோங்க.

ஆனாலும் அடியில மொட்டை வண்டி, உச்சியில தங்கத்தேர், நடுவுல சாதாரண மனுஷன் வாங்குற கார் ஒண்ணுமே இல்லை. நஷ்டம் ஏறிக்கிட்டே போய், 1959 டிசம்பர் 9-ஆம் தேதி முனிச்சுல பங்குதாரர் கூட்டம். மேடையில வெச்ச தீர்மானம், கிட்டத்தட்ட ‘பிஎம்டபிள்யூவை டைம்லர்-பென்ஸ் கையில கொடுத்துடலாம்’ங்கிறது. பின்னாடி நின்னது டாய்ச் பேங்க். கூட்டத்துக்குத் தலைமை தாங்கினவரே அந்த வங்கிக்காரர்தான். முடிவு முன்னாடியே எழுதின மாதிரிதான்.

மறுப்புச் சொன்னது யாருன்னா, சின்னச் சின்னப் பங்குதாரர்களும் கார் விக்கிற டீலர்களும். அவங்க சார்பா பேசின ஃபிரீட்ரிக் மாத்தெர்ன்ங்கிற வக்கீல் கணக்குப் புத்தகத்துல ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சார். 700-ங்கிற புது மாடலை உருவாக்கின செலவைப் பல வருஷத்துக்குப் பிரிச்சுப் போடாம ஒரே வருஷத்துல போட்டு நஷ்டத்தை ஊதிக் காட்டியிருக்காங்கன்னு. கணக்கு சரியில்லைன்னா கூட்டத்தைத் தள்ளி வைக்க 10 சதவீத ஓட்டு போதும்னு சட்டம் சொல்லுது. போட்டாங்க. கூட்டம் தள்ளிப் போச்சு, பென்ஸோட பேரத்துக்குக் கெடுவும் முடிஞ்சு போச்சு.

அதுக்கப்புறம்தான் ஹெர்பர்ட் குவான்ட் உள்ள வர்றார். சின்ன வயசுலேயே பெரும்பாலும் பார்வை போன தொழிலதிபர். தன்னோட பங்கை ஏத்திக்கிட்டு கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார். 700 நல்லா வித்துச்சு. 1961 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில 1500-ங்கிற கார் வந்துச்சு. ‘நொயெ க்ளாஸ’, அதாவது புதிய வகுப்புன்னு அந்த வரிசைக்குப் பேரு. நாலு கதவு, நடுத்தர விலை, ஓட்டினா ஜோர். இன்னிக்கு ரோட்டுல பார்க்கிற பிஎம்டபிள்யூ எல்லாத்துக்கும் அதுதான் தாத்தா. அன்னிக்கு அந்த வக்கீல் வாயைத் திறக்காம இருந்திருந்தா 2007-ல் நம்ம சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில பிஎம்டபிள்யூன்னு ஒரு போர்டு தொங்கியிருக்குமாங்கிறதே சந்தேகம்தான்.

ஹால்ல யார் படம்?

முனிச்சுக்குப் படிக்க வந்த எல்லாரும் ஒரு தடவையாவது யு3 ரயிலைப் பிடிச்சு ஒலிம்பியாட்சென்ட்ரும் ஸ்டேஷன்ல இறங்கி பிஎம்டபிள்யூ மியூசியம் போவாங்க. ஊர்லேர்ந்து யாராவது வந்தா கூட்டிட்டுப் போக நமக்குத் தெரிஞ்ச நாலு இடத்துல அது ஒண்ணு. நானும் மூணு தடவை போயாச்சு. 507 முன்னாடி ஜனங்க பேச்சை நிறுத்திட்டு நிப்பாங்க. ஈசெட்டா முன்னாடி சிரிச்சுக்கிட்டே செல்ஃபி எடுப்பாங்க. ஒண்ணுக்கு மரியாதை, ஒண்ணுக்குச் சிரிப்பு.

போன தடவை அங்க நின்னுக்கிட்டு இருந்தப்போ எனக்கு திருநெல்வேலிப் பக்கம் எங்க ஆச்சி வீட்டு ஹால்தான் ஞாபகம் வந்துச்சு. அங்க சுவத்துல எங்க பூட்டனார் படம் இருக்கும். கோட்டு, தலைப்பாகை, சட்டைப்பையில கடிகாரச் சங்கிலி. வில்வண்டி வெச்சிருந்தாராம், அதுக்கு ஜோடிக் காளையாம், ஊரே வேடிக்கை பார்க்குமாம். அந்த வில்வண்டிக்கும் கச்சேரிக்கும் விருந்துக்குமா சேர்த்து ரெண்டு கோட்டை விதைப்பாடு நிலம் போயிருக்கு. அப்புறம் நெல் வாங்கி அவிச்சு, குத்தி, அரிசியா வித்து நாலு பிள்ளைகளைக் கரையேத்தினது பூட்டி. அவங்களுக்கு ஒரு படம் கூட இல்லை. ‘எடுக்கலையா ஆச்சி?’ன்னு கேட்டா, ‘அவளுக்கு ஏதுல நேரம்?’னு பதில் வரும்.

507 எங்க பூட்டனார். ஈசெட்டாவும் 700-ம் பூட்டி. இசட்8 யாருக்கு எழுப்பின நினைவுச்சின்னம்னு இப்போ புரியுதா?

ஏன் அப்போ?

இன்னொரு கேள்வி, ஏன் 1990-களோட கடைசியில? அது பழசு மேல ஆசை பொங்கின நேரம். ஃபோக்ஸ்வாகன் புது பீட்டிலைக் கொண்டுவந்துச்சு. அமெரிக்காவுல கிரைஸ்லர் பிடி குரூஸர், ஃபோர்டு தண்டர்பேர்டு. 2001-ல் பிஎம்டபிள்யூவே புது மினியைக் கொண்டுவந்துச்சு. ஆயிரம் வருஷம் முடியப் போகுது, கம்ப்யூட்டர் எல்லாத்தையும் மாத்தப் போகுதுன்னு ஒரு படபடப்பு. அந்த நேரத்துல தாத்தா காலத்து மூஞ்சி ஒண்ணு எதிர்ல வந்தா நிம்மதியா இருக்கும்தானே.

ஆனா பிஎம்டபிள்யூ வீட்டுக்குள்ள அப்போ என்ன நடந்துட்டிருந்துச்சு தெரியுமா? 1994-ல் இங்கிலாந்தோட ரோவர் கம்பெனியை வாங்கி, அது பணத்தை உறிஞ்சிட்டே இருந்துச்சு. அந்தப் பிரச்சினையில 1999 பிப்ரவரியில தலைவர் பிஷெட்ஸ்ரீடர் பதவியே போச்சு. 2000-ல் ரோவரை வெறும் 10 பவுண்டுக்குக் கைமாத்தி விட்டாங்க. எழுத்துப்பிழை இல்லை, பத்தே பவுண்டு. அதாவது, 1950-கள்ல கம்பெனியை நஷ்டத்துல தள்ளின காருக்கு நினைவுச்சின்னம் திறந்துக்கிட்டிருந்த அதே வருஷங்கள்ல கம்பெனி இன்னொரு பெரிய நஷ்டத்துல நின்னுச்சு. இந்தத் தடவை தாங்குற அளவுக்குப் பணம் இருந்துச்சு, அதான் வித்தியாசம். தோல்வியை ரசிக்க வசதி வேணும் மக்கா. பசியில இருக்கிறவன் தன் தோல்விக்குச் சிலை வைக்க மாட்டான்.

இசட்8-ஐ வெறும் ஆடம்பரம்னு ஒதுக்கவும் முடியாது. அலுமினிய எலும்புக்கூடு பண்ணக் கத்துக்கிட்ட டிங்கோல்ஃபிங்லேர்ந்துதான் 2003-ல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டமுக்கும் அலுமினியச் சட்டம் போச்சு. அதே கிறிஸ் பேங்கிள் தலைமையிலதான் 2001-ல் பழசோட வாசனையே இல்லாத புது 7 வரிசை வந்து, ரசிகர்கள் அவரைத் திட்டித் தீர்த்தாங்க. பின்னாடி பார்த்துக்கிட்டே முன்னாடி போன கார் இசட்8.

வட்டம் எங்க போய் நிக்குது

இப்போ கொஞ்சம் கனமான விஷயம். ஃப்ளாஷ்பேக்குல முக்கியமானது அது எந்த வருஷத்துல போய் நிக்குதுங்கிறது. இசட்8-ஓட கொசுவத்தி 1955-ல் போய் நிக்குது. ஜாஸ் இசை, நியூயார்க் ஹோட்டல், எல்விஸ். ரொம்ப சௌகரியமான வருஷம். இன்னும் ஒரு பத்துப் பதினஞ்சு வருஷம் பின்னாடி சுத்தியிருந்தா?

முனிச்சோட வடமேற்குல ஆலாஹ்னு ஒரு பகுதி. எஸ்-பான் ரயில் போகும். அங்க பிஎம்டபிள்யூ விமான எஞ்சின் தொழிற்சாலை இருந்துச்சு. 1943-லேர்ந்து டாஹௌ வதைமுகாமோட கிளை முகாம் ஒண்ணு அந்த வேலைக்காகவே அங்க நடந்துச்சு. டாஹௌவோட கிளைகள்லேயே பெரிய முகாம்கள்ல ஒண்ணு. கைதிகள், போர்க் கைதிகள், பல நாடுகள்லேர்ந்து பிடிச்சுட்டு வந்தவங்கன்னு ஆயிரக்கணக்கானவங்க அங்க கட்டாய உழைப்புல எஞ்சின் செஞ்சாங்க. பிஎம்டபிள்யூவைக் காப்பாத்தின குவான்ட் குடும்பத்துக்கும் இதுல பங்குண்டு. ஹெர்பர்ட்டோட அப்பா குந்தர் குவான்ட்டோட பேட்டரி கம்பெனி ஹனோவர்ல முகாம் கைதிகளை வேலை வாங்கினது. ஹெர்பர்ட் 1940-லேர்ந்து அதோட நிர்வாகக் குழுவுல இருந்தவர். 2007-ல் ஜெர்மன் டிவியில ஒரு ஆவணப்படம் இதைப் போட்டு உடைச்சதுக்கு அப்புறம்தான் அந்தக் குடும்பம் ஒரு வரலாற்றுப் பேராசிரியரை ஆராயச் சொல்லுச்சு. அவரோட பெரிய புத்தகம் 2011-ல் வந்துச்சு.

தேதிகளைப் பாருங்க. 1999 பிப்ரவரியில, கட்டாய உழைப்புல பாதிக்கப்பட்டவங்களுக்கு நஷ்டஈடு கொடுக்க ஜெர்மன் தொழில் நிறுவனங்கள் ஒரு நிதி தொடங்கப் போறோம்னு அறிவிச்சாங்க. முதல்ல கையெழுத்துப் போட்ட பன்னிரண்டு கம்பெனிகள்ல பிஎம்டபிள்யூ ஒண்ணு. அதே வருஷம் செப்டம்பர்ல ஃபிராங்க்ஃபர்ட் மேடையில இசட்8. ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ரெண்டு ஞாபகங்கள். ஒண்ணு அமெரிக்காவுல நடந்த வழக்குகளோட நெருக்கடியில வந்த ஞாபகம், இன்னொண்ணு ஆசையா வரவழைச்சுக்கிட்ட ஞாபகம். அரசாங்கமும் கம்பெனிகளும் பாதிப் பாதியா போட்ட 1,000 கோடி மார்க் நிதியிலேர்ந்து 2007 வரைக்கும் 16 லட்சத்துக்கும் மேல ஆட்களுக்குப் பணம் போச்சு. அதுக்குள்ள எத்தனையோ பேர் வயசாகிச் செத்தும் போயிருப்பாங்க. 2016-ல் நூற்றாண்டு விழா அன்னிக்கு பிஎம்டபிள்யூ அந்தக் காலத்துக்காக வருத்தம் தெரிவிச்சுது. இது எல்லாம் நடந்திருக்கு, மூடி மறைக்கலைன்னு சொல்லணும். ஆனா இந்த ஞாபகத்துக்கு யாரும் சக்கரம் மாட்டி ஓட்ட மாட்டாங்க இல்லையா?

இதைச் சொல்றதால இசட்8-ஐ வரைஞ்சவங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. 507-ஐ வரைஞ்ச கோர்ட்ஸ் அந்தப் பன்னிரண்டு வருஷத்துல பெரும்பகுதி ஜெர்மனியிலேயே இல்லை. விக்கச் சொன்ன ஹாஃப்மன் ஐரோப்பாவை விட்டு ஓடி வந்தவர். யோசிச்சுப் பார்த்தா அதனாலதான் 507 இவ்வளவு வசதியான ஞாபகம்னு எனக்குத் தோணுது. ஜெர்மன் கார், ஆனா அதைக் கனவு கண்ட ரெண்டு பேரும் அந்த ஜெர்மனியை விட்டு வெளிய போனவங்க. கறை படாத தாத்தா வேணும்னா இவரை விட்டா வேற யாரு?

ரெட்ரோங்கிறது பழசைத் திரும்பக் கொண்டுவர்றதுன்னு நாம நினைக்கிறோம். எனக்கு அது பழசுலேர்ந்து ஒரு படத்தை மட்டும் வெட்டி எடுத்து ஃப்ரேம் போடுற வேலையாத்தான் படுது. நஷ்டத்தை விட்டுடுவாங்க, அழகை எடுத்துப்பாங்க. ஈசெட்டாவை விட்டுடுவாங்க, 507-ஐ எடுத்துப்பாங்க. ஆலாஹை விட்டுடுவாங்க, வால்டார்ஃப் அஸ்டோரியாவை எடுத்துப்பாங்க.

ஒரே ஒரு ஆறுதல். 2023-ல் முனிச் கண்காட்சியில பிஎம்டபிள்யூ தன்னோட அடுத்த தலைமுறை மின்சாரக் கார்களுக்கான மாதிரியைக் காட்டினப்போ அதுக்கு வெச்ச பேரு ‘நொயெ க்ளாஸ’. 1961-ல் கம்பெனியைக் கரையேத்தின அந்த நாலு கதவுக் காரோட பேரு. அறுபது வருஷம் கழிச்சு பூட்டி பேரைப் பேத்திக்கு வெச்சிருக்காங்க. ஈசெட்டாவோட முட்டை உருவத்தை மறுபடி பண்ணினது மட்டும் பிஎம்டபிள்யூ இல்லை, சுவிட்சர்லாந்துல இருக்கிற வேற ஒரு கம்பெனி. மைக்ரோலினோன்னு பேரு, முன்பக்கம் திறக்கிற அதே கதவோட. முனிச் ரோட்டுல எப்பவாவது கண்ணுல படும். பார்த்தா இப்பவும் சிரிப்புதான் வருது, ஆனா நான் இப்பல்லாம் கொஞ்சம் மரியாதையோட சிரிக்கிறேன்.

சரி, நீங்க சொல்லுங்க. உங்க வீட்டு ஹால்ல யார் படம் மாட்டியிருக்கு? யார் படம் இருந்திருக்கணும்? பின்னூட்டத்துல கொசுவத்தி சுத்த முழு அனுமதி உண்டு.

பி.கு: ‘நீ எந்தக் காரை எடுப்பே?’ன்னு கேக்கப் போறவங்களுக்கு: எனக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடையாது. இங்க அதை எடுக்க ஆகிற செலவைப் பத்தித் தனிப் பதிவே போடலாம்.